கல்லூரி மல்யுத்தத்தில் முதல் ஆண்டு: இலக்கு வைப்பது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் மாநிலப் பதக்கம் வாங்கிய பையன், கல்லூரி அணியில் சேர்ந்த முதல் டிசம்பரிலேயே வரிசையாகத் தோற்கிறான். மனம் உடைந்து படிப்பையும் கோட்டைவிட்டுவிடுவானோ என்ற பயத்தோடு பெற்றோர் கேட்கிறார்கள்: "விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிடலாமா?" அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் பையனுக்குத் திறமை குறைந்திருக்காது. ஆட்டம் மாறியிருக்கும், அவன் இலக்கு மாறியிருக்காது.

பள்ளி ஆட்டம் ஆறு நிமிடம். கல்லூரியில் ஏழு: முதல் சுற்று மூன்று நிமிடம், அடுத்த இரண்டும் இரண்டிரண்டு. 2023-24 பருவத்திலிருந்து கல்லூரியில் ஒரு டேக்டவுனுக்கு, அதாவது நின்று மோதும் எதிராளியைக் கீழே வீழ்த்தி அடக்குவதற்கு, மூன்று புள்ளி. தப்பி எழுந்தால் ஒன்று, கீழிருந்து புரட்டி மேலே வந்தால் இரண்டு. பள்ளியில் இல்லாத இன்னொன்றும் இங்கே உண்டு: ரைடிங் டைம். எதிராளியை மேலிருந்து அடக்கி வைத்த நேரத்தில் ஒருவர் மற்றவரைவிட நிகரமாக ஒரு நிமிடம் கூடுதலாக வைத்திருந்தால், ஆட்ட முடிவில் அவருக்கு ஒரு புள்ளி. முதல் ஆண்டுப் பையன்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். நின்று மோதும்போது ஈடுகொடுக்கிறார்கள், கீழே போனால் எழ முடிவதில்லை. ஒரு டேக்டவுன் கொடுத்து, அந்தச் சுற்று முடியும் வரை அடியில் கிடந்தால், நான்கு புள்ளி ஏறக்குறைய கைவிட்டுப் போனதுதான்.

அதனால் முதல் ஆண்டில் "ஆல்-அமெரிக்கன் ஆக வேண்டும்" என்பதைச் சுவரில் ஒட்டி வைப்பதில் பயனில்லை. தேசியப் போட்டியில் ஒவ்வோர் எடைப் பிரிவிலும் 33 பேர் இறங்குகிறார்கள், எட்டுப் பேருக்குத்தான் அந்தப் பெயர். எதிரில் யார் வருவார், நடுவர் எப்படித் தீர்ப்பளிப்பார் என்பதெல்லாம் அவன் கையில் இல்லை. அந்தக் கனவு மனதில் இருக்கட்டும். காகிதத்தில் எழுத வேண்டியது வேறு: "விசில் அடித்த 15 வினாடிக்குள் கீழிருந்து எழுவேன்." ஏன் 15? மூன்று முறை கீழே போனாலும் மொத்தம் 45 வினாடிதான், அந்த ஒரு நிமிடப் புள்ளி எதிராளிக்குக் கிடைக்காது. 20 வினாடி என்று வைத்தால் மூன்றாவது முறையிலேயே நிமிடம் நிறைந்துவிடும்.

எழும் முறையைப் பார்ப்போம். கீழே இருப்பவர் மண்டியிட்டு, உள்ளங்கைகளை முழங்காலுக்கு 12 அங்குலமாவது முன்னால் ஊன்றியிருப்பார். விசில் கேட்டதும் எடையைக் கைகளிலிருந்து இடுப்புக்கு மாற்ற வேண்டும். தலையும் மார்பும் நிமிர வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, ஒரு பாதத்தை ஊன்றி முதுகால் எதிராளியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதே நொடியில், வயிற்றைச் சுற்றியிருக்கும் அவர் கையின் விரல்களைப் பிடித்தாக வேண்டும். எழுந்த பிறகு இடுப்பை முன்னால் தள்ளி இடைவெளி உண்டாக்கி, அந்தக் கையைப் பிரித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பலர் கையைப் பிடிக்காமலே எழுகிறார்கள், எதிராளி இடுப்பைக் கட்டித் தூக்கி மறுபடி தரையில் போட்டுவிடுகிறார். தலை குனிந்தால் வயிறு தரையில் படும், அதன்பின் கால்களைப் பின்னிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். முழங்கை விலகினால் அக்குள் வழியாகக் கை நுழைந்து, கழுத்தைப் பிடித்துப் புரட்டும் ஹாஃப் நெல்சன் பிடி விழும். தோற்ற ஆட்டத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், இந்த மூன்றில் எது தன் பிழை என்று அவனுக்கே தெரியும்.

பயிற்சியில் இதைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். தன் எடைக்காரர் ஒருவரோடு, கீழிருந்து தொடங்கி, 20 வினாடி வீதம் தினமும் பத்து முறை முழுப் பலத்தோடு. பத்தில் எத்தனை முறை எழுந்தான் என்பதை நோட்டில் குறிக்க வேண்டும். நவம்பரில் நான்கு, ஜனவரி இறுதியில் ஆறு என்றால் அது நிஜமான முன்னேற்றம், அந்த மாதம் அவன் தோற்றிருந்தாலும். அந்த எண் ஏறும் வரை இரண்டாம் சுற்றை எந்த நிலையில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு 'கீழே' என்று கேட்காமல், நின்று தொடங்குவதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசலாம்.

நின்று தாக்குவதற்கும் முதல் பருவத்தில் ஒரே ஒரு ஆயுதம் போதும். எதிராளியின் ஒரு காலைப் பிடித்து வீழ்த்தும் சிங்கிள் லெக் நல்ல தேர்வு. கழுத்தையோ மணிக்கட்டையோ இழுத்து, எதிராளியின் எடையை முன்காலுக்குக் கொண்டுவர வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, உள்ளே அடியெடுத்து, தலையை அவர் விலாவில் அழுத்தி, முழங்காலுக்குப் பின்னால் கைகளைக் கோக்க வேண்டும். பின்கால் உடனே எழுந்து வர வேண்டும். இரண்டு முழங்காலும் தரையில் தங்கினால் எதிராளி இடுப்பைக் கழுத்தின் மேல் இறக்கிவிடுவார். கை எட்டாத தூரத்திலிருந்து பாய்ந்தால் அவர் கால்களைப் பின்னால் வீசிவிடுவார். எத்தனை முறை பாய்ந்தான், எத்தனை டேக்டவுனாக முடிந்தது: இந்த இரண்டு எண்ணும் நோட்டில் இருக்கட்டும்.

எடை விஷயத்தில் பெற்றோர் தலையிட வேண்டும். 1997 இறுதியில் ஆறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையை வேகமாக இறக்க முயன்று இறந்தார்கள். அதன்பின்தான் விதிகள் கடுமையாயின: சானா, ரப்பர் உடை, நீர் பிரிக்கும் மாத்திரை எல்லாம் தடை. கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. 160 பவுண்டு பையன் 149 பிரிவுக்கு வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். "இரண்டு நாளில் இறக்கிவிடுவேன்" என்று அவன் சொன்னால் அது ஆபத்து, அன்றே அணியின் மருத்துவப் பணியாளரிடம் பேசுங்கள். வளரும் வயதில் ஒரு பிரிவு மேலே போவது பல சமயம் நல்ல முடிவு. பயிற்சியாளர் ரெட்ஷர்ட் ஆண்டு (அணியோடு பயிற்சி உண்டு, ஆடும் பருவமாகக் கணக்கில் வராது) தந்தால் அவமானமாக நினைக்க வேண்டாம். ஐந்து ஆண்டில் நான்கு பருவம் ஆடலாம் என்ற கணக்கில், உடம்பும் நுட்பமும் தேறக் கிடைக்கும் ஓராண்டு அது.

இனி படிப்பு. பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. ஆனால் பயண நேரம் அதில் சேராது, போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகத்தான் கணக்கு. உண்மையான சுமை 30 மணி நேரத்தைத் தாண்டலாம் என்று வைத்துக்கொண்டே பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பொறியியல், உயிரியல் ஆய்வக வகுப்புகள் பிற்பகலில் பயிற்சியோடு மோதும், அவற்றைப் பருவம் முடிந்த பிறகோ கோடையிலோ எடுப்பது நல்லது. என்சிஏஏவின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது டிகிரிக்குத் தேவையானதில் 40 சதவீதமும், நான்காம் ஆண்டில் 60 சதவீதமும் முடிந்திருந்தால்தான் ஆட முடியும். தாமதமாக மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்: பழைய கிரெடிட்டுகள் புதிய டிகிரியில் சேராமல் போய், தகுதி இழக்கிறார்கள். மேஜர் மாற்றுவதென்றால் இரண்டாம் ஆண்டுக்குள், கல்வி ஆலோசகரிடம் சதவீதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யட்டும்.

ஸ்காலர்ஷிப்பை நம்பி வீட்டு பட்ஜெட் போட வேண்டாம். டிவிஷன் ஒன்றில் நீண்ட காலம் ஓர் அணிக்கு 9.9 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகையே இருந்தது, அதைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல், வீரர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 30 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்த பையனுக்கு அடுத்த ஆண்டு இடம் உண்டா என்று இப்போதே கேளுங்கள். ஹார்வர்ட் போன்ற கல்லூரிகள் அடங்கிய ஐவி லீகிலும் டிவிஷன் மூன்றிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது.

காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள். முழங்கால், தோள் காயங்கள் இந்த ஆட்டத்தில் சகஜம். பல கல்லூரிகளில் குடும்பக் காப்பீடுதான் முதலில் செலுத்தும், கல்லூரியின் காப்பீடு மிச்சத்துக்குத்தான். உங்கள் திட்டத்தில் கல்லூரி ஊரின் எலும்பு மருத்துவர்கள் இருக்கிறார்களா, எம்ஆர்ஐக்கு முன் அனுமதி வேண்டுமா என்று நவம்பரில் முதல் போட்டிக்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.