ஈஸ்ட் ஹாமா, ஹாரோவா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்ங்ணா,

கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன். கம்பெனி என்னை லண்டனுக்கு மாத்திருக்கு, பிப்ரவரி கடைசில சேரணும். ஆபீஸ் கேனரி வார்ஃப்ல, வாரத்துல மூணு நாள் போனா போதும். வாடகைக்கு மாசம் 1,800 பவுண்டு வரைக்கும் ஒதுக்கிருக்கேன். ஈஸ்ட் ஹாம் போனா நம்மூர் மாதிரியே இருக்கும்ங்கறாங்க, இன்னொருத்தர் அந்தப் பக்கமே போகாதீங்க, ஹாரோ பாருங்கங்கறார், டூட்டிங், இல்ஃபோர்டுனு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. மனைவியும் பொண்ணும் கூட வர்றாங்க, மனைவி பேங்க் வேலைய விட்டுட்டு வர்றாங்க, பொண்ணுக்கு நவம்பர்ல நாலு வயசு முடிஞ்சுது. ஆன்லைன்லயே வீட்டப் பாத்து பணம் கட்டிட்டு வந்துரலாமா? எந்த ஏரியாங்ணா நல்லது?

——

தம்பி,

கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். ஆபீஸ் எங்க, எத்தன நாள், வாடகை எவ்வளவு, எல்லாம் இருக்கு, மனைவிக்கு மட்டும் அரை வரி. ஆனா நீங்க வாரம் மூணு நாள் காலைல கிளம்பிப் போயிருவீங்க, அந்த வீட்லயும் அந்தத் தெருவுலயும் முழுசா கிடக்கப்போறது அவங்களும் குழந்தையும்தான். அதனால ஏரியாவ அவங்களுக்குத்தான் பாக்கணும், உங்க ஆபீஸுக்கு இல்ல.

இத நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டேன். முதல்ல வந்தப்ப ஆபீஸுக்கு ஒரே ட்ரெயின்னு ஒரு வீட்ட போட்டோ மட்டும் பாத்து எடுத்துட்டேன். தரைத்தளம், வெயிலே விழாத பக்கம். ஒரு மாசத்துல பீரோவுக்குப் பின்னாடி சுவர் பூரா கறுப்புக் கறுப்பா பூஞ்சை, ஏஜென்ட் கிட்ட சொன்னா ஜன்னலத் திறந்து வைங்கன்னார், வெளிய ரெண்டு டிகிரி! டிசம்பர்ல இங்க நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிரும், ஸ்டேஷன்ல இருந்து வீடு கால் மணி நேர நடை, வழியில ஒரு கடை கிடையாது. நான் வர்றதுக்கு ஆறரை ஆகும், அதுவரைக்கும் என் மனைவி பேசின ஒரே ஆள் எங்க ரெண்டு வயசுப் பையன்தான். பிப்ரவரில ஒருநாள் பஸ் ஸ்டாப்ல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா "நீங்கள் தமிழோ?"ன்னு கேட்டிருக்காங்க, இவ அங்கயே அழுதுட்டா. அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

ஈஸ்ட் ஹாமைத் திட்றவங்க நிறைய பேர் அங்க ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போனவங்கதான். கூட்டம், குப்பை, ஒரே வீட்ட அறை அறையா பிரிச்சு விடுறது, எல்லாம் இருக்கு, இல்லனு சொல்லல. ஆனா ஹை ஸ்ட்ரீட் நார்த்ல இறங்கினா முருங்கைக்கீரை, வாழைப்பூ, சின்ன வெங்காயம் தெருவுலயே கிடைக்கும், மகாலட்சுமி கோயில் அதே ரோட்டுல, முருகன் கோயில் மேனர் பார்க் பக்கத்துலயே. இங்கிலீஷ்ல பேசக் கூச்சப்படுற ஆளுக்கு முதல் ஆறு மாசத்துக்கு அது மருந்து மாதிரி. உங்களுக்கும் வெஸ்ட் ஹாம்ல ஜூபிலி லைன் மெட்ரோவுக்கு மாறினா ஆபீஸ் கிட்டத்தான். ஈஸ்ட் ஹாம் இருக்கறது நியூஹாம் கவுன்சில்ல (நம்மூர் மாநகராட்சி மாதிரி), அங்க வாடகைக்கு விடுற வீடு பெரும்பாலானதுக்கு ஓனர்கிட்ட லைசென்ஸ் இருக்கணும், கேட்டுப் பாருங்க, மழுப்பினா விட்ருங்க.

இல்ஃபோர்டு கொஞ்சம் விசாலம், 2022ல எலிசபெத் லைன்ங்கற புது ரயில் பாதை வந்தப்புறம் வைட்சேப்பல்ல ஒரு தடவை மாறினா கேனரி வார்ஃப். ஹாரோ அமைதிதான், நம்மாளுங்களும் இருக்காங்க, ஆனா லண்டனோட அந்தக் கோடி, ஆபீஸ் போற நாளெல்லாம் ஊரையே குறுக்க கடக்கணும். டூட்டிங்கும் உங்களுக்குச் சுத்துதான், ஆனா அது வான்ட்ஸ்வொர்த் கவுன்சில், அங்க கவுன்சில் டாக்ஸ் ரொம்பக் கம்மி. இந்த வரிய வாடகைக்கு மேல நீங்கதான் கட்டணும், உங்க 1,800ல அது சேராது. உங்க லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு, வுலிச். மாறவே வேணாம், எலிசபெத் லைன்ல நேரா பத்து நிமிஷத்துக்குள்ள ஆபீஸ். தமிழ்க்கடைக்கு மட்டும் கொஞ்சம் அலையணும்.

குழந்தை விஷயம் அவசரம். பாப்பா வர்ற செப்டம்பர்ல ரிசப்ஷன் சேரணும், இங்க ஸ்கூலோட முதல் வருஷத்துக்கு அதான் பேரு, அதுக்கு அப்ளை பண்ணக் கடைசி தேதி ஜனவரி 15, நீங்க வரும்போது தாண்டிருக்கும். அப்பவும் லேட்டா அப்ளை பண்ணலாம், என்ன, நேரத்துக்குப் போட்டவங்களுக்குக் கொடுத்து மிச்சம் இருக்கறதுதான் கிடைக்கும். பெரும்பாலான ஸ்கூல்ல வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் எவ்வளவு தூரம்னு பாத்துத்தான் சீட்டு, அதனால நல்ல ஸ்கூல்னு கேள்விப்பட்டா மட்டும் பத்தாது, அந்தத் தெருவுக்கு அங்க இடம் கிடைக்குமானு கவுன்சில்ல போன் போட்டுக் கேளுங்க. அதுவரைக்கும் நர்சரி வாரம் 15 மணி நேரம் இலவசம், நாலு வயசுக் குழந்தைக்கு விசா எதுன்னாலும் உண்டு, பெரும்பாலும் ஸ்கூல் நடக்கற வாரங்கள்ல மட்டும். உங்களது ஸ்கில்டு வொர்க்கர் விசாதான்னா மனைவியும் வேலைக்குப் போகலாம், நர்சரி வீட்ல இருந்து நடக்கற தூரத்துல இருந்தாத்தான் அவங்க இன்டர்வியூவுக்காவது கிளம்ப முடியும். லைப்ரரி பக்கத்துல இருக்கானும் பாருங்க, சின்னப் பிள்ளைங்களுக்குப் பாட்டு நேரம்னு நடத்துவாங்க, என் வீட்டுக்காரம்மாவுக்கு இங்க முதல் சிநேகிதிங்க அங்கதான் கிடைச்சாங்க.

ஆன்லைன்ல பணம் கட்டுறதா? வேணவே வேணாம். வீட்டுக்குள்ள கால் வைக்காம ஒரு பென்னி கட்டாதீங்க, போட்டோவக் காட்டி ஏமாத்தறவங்க நிறைய. கம்பெனி ஒரு மாசம் தங்க இடம் கொடுக்குதானு கேளுங்க, இல்லன்னா சொந்தச் செலவுல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு அலைஞ்சு பாருங்க. வீட்டப் புடிச்சு வைக்க ஒரு வார வாடகைக்கு மேல கேட்கக் கூடாது, டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல கூடாது, அதான் 2019 சட்டம். உங்க 1,800க்கு ஒரு வாரம் 415, அஞ்சு வாரம் கிட்டத்தட்ட 2,077 வரும், அந்த டெபாசிட்டையும் 30 நாளுக்குள்ள அரசு ஒத்துக்கிட்ட ஒரு திட்டத்துல போட்டாகணும்.

பாக்கப் போறத ராத்திரி ஆறு மணிக்கு வைங்க, மனைவியையும் கூட்டிட்டு ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போங்க. உள்ள போனதும் பீரோவ நகத்திப் பாருங்க, ஏஜென்ட் முறைச்சா முறைக்கட்டும். அடுப்பு கேஸா இண்டக்‌ஷனானும் கேட்டுக்கங்க, எங்க அலுமினிய இட்லிக் குண்டான் அஞ்சு வருஷமா பரண்லயே கிடக்கு.