யாருடைய பிங்க் ஃபிளாய்ட்?

சென்ற இதழில் பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தைப் பற்றி எழுதியபோது, அந்தக் குழுவில் பேஸ் கிடார் வாசித்துப் பாட்டு எழுதிய ரோஜர் வாட்டர்ஸுக்கும் கிடார் வாசித்துப் பாடிய டேவிட் கில்மோருக்கும் இடையே நடந்த மோதலை இரண்டே வரியில் தாண்டிப் போயிருந்தேன். அதைக் கேட்டுத்தான் இத்தனை கடிதங்கள். இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

வாட்டர்ஸ் இல்லாமல் பிங்க் ஃபிளாய்ட் கிடையாது என்பது என் கட்சி. கில்மோர்தான் எல்லாம் என்கிறான் என் தம்பி. நீங்கள் எந்தப் பக்கம்?
*வாட்டர்ஸ் ரசிகர் ஒருவர்*

இரண்டு பேருமே சிட் பாரெட்டை மறந்துவிட்டீர்கள். 1965-ல் லண்டனில் குழு தொடங்கியபோது அதன் முகம் அவர்தான். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. அந்த ஆண்டு முடிவதற்குள் எல்எஸ்டி போதைப்பொருளும் மனநிலைச் சிக்கலும் அவரை மேடையில் நிற்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விட்டன. கேம்பிரிட்ஜில் அவருடைய பழைய நண்பரான கில்மோரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1968 ஜனவரியில் ஒருநாள் சவுதாம்ப்டன் கச்சேரிக்கு வண்டி கிளம்பியது. வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ளவா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்து நேரே போய்விட்டார்கள். ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேசாமல் விலக்கும் பழக்கம் அந்தக் குழுவில் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிந்தைய மூன்று நான்கு ஆண்டுகள் குழுவுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. பாட்டு எழுதுகிறவர் போய்விட்டார். மிச்சமிருந்த நால்வருக்கும் (வாட்டர்ஸ், கில்மோர், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன்) எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சேர்ந்து தேடினார்கள். எனக்கு அந்தத் தேடல் காலம்தான் பிங்க் ஃபிளாய்ட். நான் உங்கள் பக்கமும் இல்லை, தம்பி பக்கமும் இல்லை.

'கெமிஸ்ட்ரி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த இடத்தில் அது காதில் கேட்கும் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களாவது சொல்வீர்களா?
*கிடார் பழகும் மாணவி*

நல்ல கேள்வி. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1971-ல் வந்த 'எக்கோஸ்'. 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஸ்டூடியோவில் ஆளுக்கொரு துண்டாக வாசித்துப் பதிவு செய்து, எல்லாவற்றுக்கும் 'ஒன்றுமில்லை' என்று பெயர் வைத்து எண் போட்டு அடுக்கினார்கள். அதில் ஒரு துண்டு, ரிச்சர்ட் ரைட் பியானோவின் உச்சியில் தட்டிய ஒற்றை ஸ்வரம். அதைச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக அனுப்பியபோது, நீருக்கடியிலிருந்து வரும் சமிக்ஞைபோல் ஒலித்தது. மொத்தப் பாட்டும் அந்த ஒரு ஒலியிலிருந்து வளர்ந்தது. உறையில் நான்கு பேரின் பெயரும் இருக்கிறது. இருப்பதுதான் நியாயம். இதை யார் இசையமைத்தது என்று கேட்டால் ஒருவரைக் கைகாட்ட முடியாது.

இரண்டாவது, 'டார்க் சைட்' ஆல்பத்தில் வரும் 'அஸ் அண்ட் தெம்'. அந்தப் பியானோ மெட்டை ரைட், இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் 'ஜப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக உருவாக்கினார். இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். சில ஆண்டு கழித்து, போரையும் அதிகாரத்தையும் பற்றி வாட்டர்ஸ் எழுதிய வரிகள் அந்த மெட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. இத்தனை மென்மையான இசையின்மேல் இத்தனை கசப்பான சொற்கள். வாட்டர்ஸே மெட்டும் போட்டிருந்தால் அது கோபமான பாட்டாகியிருக்கும். ரைட் தனியாக இருந்திருந்தால் அழகான பின்னணி இசையாக நின்றிருக்கும். வாட்டர்ஸின் தந்தை 1944-ல் இத்தாலியில் அன்சியோ போர்முனையில் இறந்தார், மகனுக்கு ஒரு வயதுகூட நிரம்பாதபோது. இதை மனதில் வைத்து மறுபடி கேட்டுப்பாருங்கள்.

மூன்றாவது, 'த வால்' ஆல்பத்தில் வரும் 'கம்ஃபர்டப்ளி நம்'. மெட்டு கில்மோருடையது, தன் தனி ஆல்பத்தில் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்திருந்தது. சொற்கள் வாட்டர்ஸுடையவை. எப்படிப் பதிவு செய்வது என்பதில் இருவருக்கும் கடுமையான வாக்குவாதம். வாட்டர்ஸும் தயாரிப்பாளர் பாப் எஸ்ரினும் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்றார்கள். கில்மோருக்கு அது இல்லாத முரட்டு வடிவம்தான் பிடித்திருந்தது. கடைசியில் பாட்டின் உடலுக்கு ஆர்க்கெஸ்ட்ரா, முடிவில் வரும் கிடாருக்கு முரட்டு வடிவம் என்று உடன்பட்டார்கள். இன்று நாம் கேட்பது அந்தச் சமரசத்தை. இருவராலும் சேர்ந்து வேலை செய்ய முடிந்ததன் கடைசித் தணல் அந்தப் பாட்டு என்கிற பொருளில் கில்மோர் பின்னாளில் பேசியிருக்கிறார்.

நீங்கள் கிடார் பழகுவதால் இன்னொன்று. அந்தக் கடைசிக் கிடார்ப் பகுதி ஒரே மூச்சில் வாசித்தது அல்ல. பலமுறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த இடங்களைக் குறித்துவைத்து, அவற்றைக் கோத்து உருவாக்கினார். பொறுமையும் ஒரு கலைதான்.

அதிகாரம் எப்படி ஒருவர் கைக்குப் போனது? மற்ற மூன்று பேரும் ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?
*ஒரு வாசகர்*

ஆல்பங்களின் உறையில் எழுதியவர் பெயர்களை வரிசையாகப் படித்தாலே கதை புரிந்துவிடும். 1973-ல் 'டார்க் சைட்' வந்தபோது வரிகள் முழுவதும் வாட்டர்ஸ், மெட்டுகள் நால்வருக்கும் பல விதமாகப் பங்கு. 1975-ல் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் டிரம்மர் நிக் மேசனின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. 1977-ல் 'அனிமல்ஸ்'. மொத்தம் ஐந்து தடங்கள், நான்கு வாட்டர்ஸுக்கு மட்டும். கில்மோருக்கு 'டாக்ஸ்' என்ற ஒரே பாட்டில் பாதிப் பங்கு. அது 17 நிமிடப் பாட்டு, இசைத்தட்டின் முதல் பக்கத்தை ஏறக்குறைய முழுக்க நிரப்புவது. அதே ஆல்பத்தில் வாட்டர்ஸின் ஒரு சின்னப் பாட்டு இரண்டாக வெட்டப்பட்டு, ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலும் வைக்கப்பட்டது. ராயல்டியைப் பாட்டுகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்ததால், ஒன்றரை நிமிடத் துண்டுகள் இரண்டும் தனித்தனிப் பாட்டாகக் கணக்கில் ஏறின. கில்மோருக்கு இது உறுத்தியதில் வியப்பில்லை. ரைட்டின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை.

1979-ல் 'த வால்'. 26 பாடல்கள். கில்மோருக்குப் பங்கு மூன்றில்.

விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் எளிது. 1978-ல் குழு நம்பியிருந்த முதலீட்டு நிறுவனம் சரிந்து, பணமும் போய், வரிச்சுமையும் தலைக்கு மேல் நின்றது. கையில் பாட்டு வைத்திருந்தவர் வாட்டர்ஸ் ஒருவர்தான். இரண்டு கதைகளை மாதிரிப் பதிவாகக் கொண்டுவந்து, எது வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் 'த வால்' போதும் என்றார்கள். அவர்களிடம் எதிர்வைக்க வேறு பாட்டு இல்லை. வாட்டர்ஸை வில்லனாக்குகிறவர்கள் இதையும் சொல்லியாக வேண்டும்: அந்த ஆண்டுகளில் ஓயாமல் எழுதியவர் அவர்.

ரிச்சர்ட் ரைட்டை நீக்கினார்கள் என்று படித்தேன். உண்மையா?
*கீபோர்டு வாசிப்பவர்*

உண்மை. நானும் கீபோர்டு வாசிப்பவன், ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

1979 கோடையில் 'த வால்' பதிவு நாள் கடந்து போய்க்கொண்டிருந்தது. ரைட்டின் மணவாழ்க்கை அப்போது உடைந்துகொண்டிருந்தது. ஸ்டூடியோவில் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை என்பது மற்றவர்களின் குறை. விடுமுறையைப் பாதியில் முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள், மறுத்தார். அவர் குழுவிலிருந்து விலகாவிட்டால் ஆல்பமே வெளிவராது என்று வாட்டர்ஸ் நிபந்தனை வைத்தார். ரைட் ஒப்புக்கொண்டார். 'த வால்' மேடைக்கு வந்தபோது தான் தொடங்கிய குழுவிலேயே சம்பளத்துக்கு வாசித்தார். பிரமாண்டமான அந்தக் கச்சேரிகள் நஷ்டத்தில் முடிந்தன. நஷ்டம் பங்குதாரர்கள் மூவருக்கும். சம்பளக்காரரான ரைட் ஒருவர் கையில்தான் பணம் நின்றது. இதை வேடிக்கைக் கதையாகப் பலர் எழுதுகிறார்கள். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை.

அவர் கொடுத்தது என்ன? 'ப்ரீத்' பாட்டில் வரும் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டை) ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்திலிருந்து கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ராக் இசைக்குள் அந்த ஜாஸ் நிறத்தைக் கொண்டுவந்தவர் அவர். கில்மோரின் குரலோடு அவர் குரல் இழையும் இடங்களில் எது யாருடையது என்று பிரித்தறிவதே கடினம். 1983-ல் வந்த 'த ஃபைனல் கட்' ஆல்பத்தில் அவர் இல்லை. வாட்டர்ஸ் எழுதியது, பிங்க் ஃபிளாய்ட் வாசித்தது என்றே உறையில் அச்சிட்டார்கள். வரிகள் கூர்மையானவை. ஆனால் சொற்களுக்கு நடுவே மூச்சுவிட இடமே இல்லை. ரைட் வாசித்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

பிறகு திரும்பி வந்தார். 1994-ல் வந்த 'த டிவிஷன் பெல்' ஆல்பத்தில் ஐந்து பாடல்களில் அவருக்குப் பங்கு உண்டு. கில்மோரோடு சேர்ந்து அமைத்த 'மரூன்ட்' என்ற கருவியிசைக்குக் கிராமி விருது கிடைத்தது.

நிக் மேசன் இந்தச் சண்டையில் எந்தப் பக்கம்?
*டிரம்மர் ஒருவர்*

வாட்டர்ஸின் கல்லூரித் தோழர், பிறகு கில்மோரின் கூட்டாளி. குழுவின் எல்லா ஆல்பங்களிலும் இருக்கும் ஒரே ஆள். 2018 முதல் தனிக் குழு அமைத்து, சிட் காலத்துப் பாடல்களையும் சேர்த்து மேடையில் வாசித்து வருகிறார். இத்தனைக்கும் நடுவில் இரண்டு பேரோடும் நட்பைக் காப்பாற்றிக்கொண்டது சாதாரண விஷயமில்லை.

வாட்டர்ஸ் வழக்குத் தொடர்ந்து தோற்றுப்போனாரா?
*சட்டம் படிக்கும் வாசகி*

தீர்ப்பு வரை போகவில்லை. 1985 டிசம்பரில் விலகுவதாக இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எழுதினார். தான் போனால் குழு முடிந்துவிடும் என்று நம்பினார். கில்மோரும் மேசனும் அதே பெயரில் ஆல்பம் தொடங்கவே, 1986-ல் நீதிமன்றம் போனார். படைப்புச் சக்தி தீர்ந்துபோன குழு என்பது அவர் வாதம். 1987 டிசம்பரில், கில்மோர் ஸ்டூடியோவாக மாற்றியிருந்த 'அஸ்டோரியா' என்ற படகுவீட்டில் உடன்பாடு கையெழுத்தானது. பெயர் அவர்களுக்கு, 'த வால்' இவருக்கு. அதற்குள் அவர்களின் புதிய ஆல்பம் வெளியாகி, கச்சேரிகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வாட்டர்ஸின் தனிக் கச்சேரிகளுக்கு அந்தக் கூட்டம் இல்லை. வழக்குப் போட்டது தவறு என்று 2013-ல் பிபிசியிடம் அவரே ஒப்புக்கொண்டார்.

ரசிகர்கள் வாங்கியது பெயரை. பாட்டு எழுதுகிறவர் யார் என்று சீட்டு வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை. வாட்டர்ஸுக்கு இது அநியாயமாகப் பட்டிருக்கும். என் அனுதாபம் அவருக்கும் உண்டு.

நாங்கள் நான்கு பேர் குழுவாக வாசிக்கிறோம். எல்லாப் பாட்டும் ஒருவனே எழுதுகிறான். சண்டை வரும்போல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
*பேஸ் கிடார் வாசிப்பவர்*

பதிவு முடிந்த அன்றைக்கே, ஆல்பம் வெளிவருமுன், யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். மெட்டு, வரி, அமைப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். 'டார்க் சைட்' ஆல்பத்தின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் சொற்களே இல்லாமல் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்த கூலி 30 பவுண்டு. அந்த ராகத்தை ஸ்டூடியோவில் நின்று அப்போதே உருவாக்கியவர் அவர். 2004-ல் வழக்குப் போட்டார், மறு ஆண்டு உடன்பாடு. இப்போது ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் அச்சாகிறது. முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதா அது?

எழுதும் நண்பனிடம் ஒன்று கேளுங்கள்: மெட்டை முழுதாக முடிக்காமல் கொண்டுவர முடியுமா என்று. முடிந்த பாட்டில் மற்றவர்களுக்கு வாசிக்கும் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

மறுபடி சேரவே இல்லையா?
*ஒரு வாசகி*

ஒரே ஒருமுறை. 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 கச்சேரி. கச்சேரியை ஏற்பாடு செய்த பாப் கெல்டாஃப் கேட்டுக்கொண்டதால் 24 ஆண்டுகளுக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில். ஒத்திகையிலேயே எந்தப் பாட்டு என்பதில் இழுபறி. கடைசியில் வாட்டர்ஸ் மற்றவர்களை இழுத்து அணைத்துக்கொண்டார். சிட் 2006-லும் ரைட் 2008-லும் இறந்துவிட்டார்கள். 2011-ல் வாட்டர்ஸின் லண்டன் மேடைக்குக் கில்மோர் வந்து வாசித்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு கெட்டுவிட்டது. 2024-ல் ஒலிப்பதிவுகளின் உரிமை சுமார் 40 கோடி டாலருக்கு சோனியிடம் போனது.

நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. எங்கே தொடங்கலாம்?
*புதிய வாசகர்*

'எக்கோஸ்', ஹெட்ஃபோனில், இடையில் நிறுத்தாமல். பிடித்தால் 'விஷ் யூ வேர் ஹியர்' முழு ஆல்பம். 'த வால்' அதற்கப்புறம் போதும்.