வட்டத்தில் நட்சத்திரத் துளை

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வட்டத்துக்குள் நட்சத்திர வடிவில் துளை போட ‘டிஃபரன்ஸ்’ கொடுத்தால் இரண்டுமே மறைந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: நட்சத்திரம் வட்டத்துக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கட்டளை மேலே உள்ளதைக் கொண்டு கீழே உள்ளதை வெட்டும். நீங்கள் எந்த வரிசையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை அது பார்ப்பதே இல்லை. முழு நட்சத்திரமும் வட்டத்தின் பரப்புக்குள் அடங்குவதால், கழித்தபின் எதுவும் மிஞ்சவில்லை. கன்ட்ரோல்+இசட் அழுத்தி மீட்டெடுங்கள். நட்சத்திரத்தை மட்டும் தேர்ந்து ‘ஹோம்’ விசையை அழுத்தினால் அது எல்லாவற்றுக்கும் மேலே வரும். பிறகு இரண்டையும் தேர்ந்து, ‘டிஃபரன்ஸ்’ கட்டளைக்கான கன்ட்ரோலுடன் கழித்தல் குறியை அழுத்துங்கள். பல துளைகள் வேண்டுமா? துளை வடிவங்களை முதலில் ‘யூனியன்’ மூலம் ஒன்றாக்கிவிட்டு ஒரே தடவையில் வெட்டுவதே நல்லது. வெட்டியபின் நட்சத்திரத்தின் கோணங்களை நட்சத்திரக் கருவியால் மாற்ற முடியாது. எனவே வெட்டும் முன்பே கன்ட்ரோல்+டி கொடுத்து ஒரு நகலை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: தடிமனான கோட்டால் வெட்டினால் கோட்டின் அகலத்துக்குத் துளை விழவில்லையே?

பதில்: வெட்டும் கட்டளை கோட்டின் தடிமனைக் கணக்கில் எடுக்காது, நடுப்பாதையை மட்டுமே பார்க்கும். ‘பாத்’ மெனுவில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்துக் கோட்டைப் பரப்பாக மாற்றிய பிறகு வெட்டுங்கள்.