இணைச்சீருக்கு வரணும்னு சொல்றீங்க, புள்ள திரும்பிப் போக முடியாதுங்ணா

பெருந்துறை பக்கமிருந்து ஒரு அப்பா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. சுருக்கம் இதுதான். பொண்ணு இங்கிலாந்துல லெஸ்டர்ல எம்எஸ்சி முடிச்சுட்டு கிராஜுவேட் விசால ரெண்டு வருசம் வேலை பாத்துச்சு, அந்த விசா ஜனவரி 18ம் தேதியோட முடிஞ்சுது. வேலை பாக்கற கம்பெனியே ஸ்பான்சர் பண்ணுது, ஜனவரி 12 ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு அப்ளை பண்ணி கைரேகையும் குடுத்தாச்சு, முடிவு இன்னும் வரலை. மாசி 20 பையனுக்கு கண்ணாலம், மாப்பிள்ளைக்கு கூடப்பொறந்தவ செய்யற இணைச்சீர் சடங்குக்கு அவ வந்தே ஆகணும்னு வீட்ல ஒரே பேச்சு. எச்ஆர் "உங்க விசா முடிஞ்சுபோச்சு"ன்னு சம்பளமில்லாம உக்கார வெச்சுட்டாங்க. கோயமுத்தூர் கன்சல்டன்ட் ஒன்றரை லட்சம் வாங்கிட்டு "பாஸ்போர்ட் கையிலதான இருக்குது, பத்து நாள் போயிட்டு வரட்டும்"ங்கறாரு. பொண்ணு இப்ப அங்க சட்டப்படிதான் இருக்குதா, வந்துட்டு போலாமா?

அண்ணா, அப்பத்தா அழுகறது, சம்பந்தி வீட்ல மொகம் காட்டறது, எச்ஆர் மரியாதையில்லாம பேசுனது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். நீங்க எழுதுனதுல ஒரே ஒரு வரிக்குத்தான் சட்டத்துல மதிப்பு, "ஜனவரி 12 அப்ளை பண்ணியாச்சு". பழைய விசா முடியறதுக்கு முன்னாடி முறையா அப்ளை பண்ணியிருந்தா 1971ம் வருச இமிக்ரேஷன் ஆக்ட்ல 3சி பிரிவுப்படி பழைய விசா தானாவே நீண்டுக்கும், முடிவு வர்ற வரைக்கும், பழைய விசாவுல என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையோட. அதுக்குன்னு தனியா லெட்டரோ அட்டையோ எதுவும் வராது, ஆன்லைன்ல பாக்கற இ-விசால பழைய தேதியே காட்டிட்டு இருக்கலாம், அதப்பாத்து பயப்பட வேண்டாம். அவ விசாவுல முழுநேர வேலைக்கு அனுமதி இருந்துச்சு, அது இப்பவும் இருக்குது.

ஆனா அந்த 12ங்கற தேதிய உங்களுக்குச் சொன்னது யாரு? கன்சல்டன்டா, புள்ளையா? நான் கேக்கறதுக்குக் காரணம் இருக்குது. பாரத்த ஆன்லைன்ல நெரப்பி சேவ் பண்ணி வெச்சுட்டு "அப்ளை பண்ணியாச்சு"ன்னு சொல்லிட்டு, நாலஞ்சு நாள் கழிச்சு பணம் கட்டி சப்மிட் பண்ண ஆளுங்கள பாத்திருக்கேன். நெரப்புன தேதி கணக்குல வராது, பணம் கட்டி சப்மிட் ஆன தேதிதான் தேதி. அதே மாதிரி கம்பெனி குடுக்கற ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் நம்பர் பாரத்துல சரியா இருக்கணும், அது அப்ளை பண்ற தேதிக்கு முன்னாடி மூணு மாசத்துக்குள்ள குடுத்ததா இருக்கணும். இதெல்லாம் சரியா இருந்தாத்தான் 3சி.

சரி, தேதி சரிதான்னு வெச்சுக்கறேன். இப்ப இந்த "போயிட்டு வரட்டும்" கதைக்கு வர்றேன், இங்கதான் ஆளுக விழுகறாங்க.

அப்ளிகேஷன் முடிவாகாம இருக்கும்போது புள்ள நாட்ட விட்டு கெளம்புச்சுன்னா, கெளம்புன அன்னிக்கே அப்ளிகேஷன வாபஸ் வாங்குனதா கணக்கு பண்ணிருவாங்க, 3சியும் அதோட போச்சு. அவசரம், கண்ணாலம், சாவு, ஒண்ணுக்கும் விதிவிலக்கு இல்லீங்ணா. இதுல கொடுமை என்னன்னா கைரேகை குடுக்கற எடத்துலயே பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி கையில திருப்பிக் குடுத்துருவாங்க, அங்க ஏர்போர்ட்ல வெளிய போறப்ப நம்மூர் மாதிரி முத்திரை குத்தற கவுன்ட்டரும் கெடையாது, அதனால போகும்போது யாரும் தடுக்க மாட்டாங்க, ஜம்முனு வந்து எறங்கிரலாம். மாட்டறது திரும்பறப்பத்தான்.

தாராபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், அப்புச்சி காரியத்துக்கு இப்படித்தான் வந்துட்டான். திரும்பறப்ப கொச்சி ஏர்போர்ட்ல பெட்டி தராசு மேல ஏறிருச்சு, இருபத்திமூணு கிலோ காட்டுது, கவுன்ட்டர்ல இருந்த புள்ள பாஸ்போர்ட் நம்பர அடிச்சுப் பாத்துட்டு பேக்ல ஒட்ற டேக்க கையிலயே வெச்சுட்டு சூப்பர்வைசர கூப்புட்டுச்சு. அவ்வளவுதான். அன்னிக்கு சாயங்காலம் பெட்டியோட நேரா என் ஆபீசுக்கு வந்தான், அவங்கம்மா இடிச்சுக் குடுத்த மொளகாப்பொடி வாசம் ரூம் பூரா அடிக்குது, "சார் இதுக்கு அப்பீல் இருக்குதா"ன்னு கேக்கறான். மறுத்திருந்தாத்தான அத எதுத்துக் கேக்கறதுக்கு, அவனே வாபஸ் வாங்குனதா கணக்கு, எதுத்துக் கேக்க என்ன இருக்குது.

இங்க இருந்து புதுசா அப்ளை பண்ணிக்கலாமேன்னு உங்க கன்சல்டன்ட் அடுத்து சொல்வாரு. பண்ணலாம், ஆனா அங்க உள்ளாரயே இருந்து மாத்தறவங்களுக்கு குடுக்கற சர்டிபிகேட் வேற, வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு வேற. வெளிய இருந்து வர்றதுன்னா கம்பெனி ஹோம் ஆபீஸ்ல, அதாவது விசா குடுக்கற அங்கத்த உள்துறையில, தனியா கேட்டு வாங்கணும். சம்பளமில்லாம உக்கார வெச்ச கம்பெனி மறுபடியும் அந்த வேலையெல்லாம் இழுத்துப் போட்டு செய்யும்னு நம்பறீங்களா? அந்தப் பையனோட கம்பெனி செய்யல. கைரேகை குடுத்துட்டதால அப்ளிகேஷன் பீஸும் திரும்ப வராது, வருசத்துக்கு 1,035 பவுண்டுன்னு அங்கத்த அரசாங்க வைத்தியத்துக்காக கட்டுன ஹெல்த் சர்சார்ஜ் மட்டும் வரும். பாரிசுக்கு ரெண்டு நாள் சுத்திப்பாக்கப் போனாலும் இதே கதிதான், அதையும் புள்ளைகிட்ட சொல்லிவைங்க.

அதனால கண்ணாலத்துக்கு ரெண்டு வழிதான். முடிவு வர வழக்கமா எட்டு வாரம்னு சொல்றாங்க, அப்படிப் பாத்தா மாசி கடைசி வரைக்கும் இழுக்கும், முகூர்த்தத்த வைகாசிக்கு தள்ளுங்க. முடியாதுன்னா உங்க அண்ணன் பொண்ணோ தம்பி பொண்ணோ இணைச்சீர் செய்யட்டும், கூடப்பொறந்தவ இல்லாத வீட்ல பங்காளி வீட்டுப் பொண்ணு செய்யறது நம்ம பக்கம் வழக்கந்தான, கண்ணாலச் சீர் நடத்தற அருமைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க. அப்ளை பண்ணும்போதே 500 பவுண்டு எச்சா கட்டியிருந்தா அஞ்சு வேலைநாள்ல முடிவு வந்திருக்கும், ஒன்றரை லட்சம் வாங்குன ஆளு அத சொல்லாம விட்டது எனக்கும் வெசனமாத்தான் இருக்குது, ஆனா அவர்கிட்ட சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்.

மொதல்ல அவர்கிட்ட இருந்து வாங்க வேண்டியது லாகின் பாஸ்வேர்டு. பாரத்துல யாரு ஈமெயில் போட்டிருக்குதுன்னு பாருங்க. கன்சல்டன்டோட ஈமெயில் இருந்தா ஹோம் ஆபீஸ் கேக்கற டாக்குமென்ட் லெட்டரும் அங்கதான் போகும், அவரு பாக்காம விட்டா தேதி ஓடிரும். மறுத்தாங்கன்னா ரிவ்யூ கேக்க 14 நாள்தான், அதுக்குள்ள கேட்டா 3சி தொடரும், விட்டா அங்க அவ இருக்கறதே தப்பாயிரும். "வாபஸ் வாங்கிட்டு நல்லா மறுபடி போடலாம்"னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க. இனிமே ஆலோசனை வேணும்னா அங்கத்த சொலிசிட்டர் இல்லைன்னா இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிவு பண்ண ஆளுகிட்ட போங்க.

எச்ஆர் விசயம். அவங்க பயத்துலதான் பண்றாங்க, அனுமதியில்லாத ஆள வேலைக்கு வெச்சா மொதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரைக்கும் அபராதம். ஹோம் ஆபீஸோட எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ்ல கேளுங்கன்னு புள்ள பணிவா ஒரு மெயில் போடட்டும், அவளுக்கு வேலை பாக்க அனுமதி இருக்குதுன்னு அங்க இருந்து பாசிட்டிவ் வெரிபிகேஷன் நோட்டீஸ் வந்தா கம்பெனிக்கு ஆறு மாசத்துக்கு பாதுகாப்பு, மறுநாளே கூப்புட்டுக்குவாங்க. விட்டுப்போன சம்பளத்தக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விடலாமான்னு எழுதியிருக்கீங்க. வேண்டாம். அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர், அவங்க சர்டிபிகேட்ட திரும்ப எடுத்தா அப்ளிகேஷனே மறுக்கப்படும். விசா கைக்கு வர்ற வரைக்கும் ஒரு மாச சம்பளத்த மறந்துருங்க.

இன்னிக்கு ராத்திரியே புள்ளைகிட்ட பணம் கட்டுன மெயில எடுக்கச் சொல்லி அதுல இருக்கற தேதிய எனக்கு எழுதுங்க. அது 18க்கு அப்புறமா இருந்தா மேல சொன்னது எதுவும் பொருந்தாது, 3சி இல்லை, அவ வேலைக்கும் போகக் கூடாது. அப்படின்னா எழுதிட்டு இருக்காதீங்க, எந்நேரமானாலும் போன் பண்ணுங்க.