மனசு விட்டுக் கேளுங்கள்: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கால் மணி நேரம்

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் நான். மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். மேலே இருந்து திட்டு வாங்குவதும் நான்தான், லைனில் இருக்கும் பெண்களிடம் கத்துவதும் நான்தான். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் "அம்மா" என்று கூப்பிட்டாலே எரிந்து விழுகிறேன். அப்புறம் அவர்கள் தூங்கிய பிறகு உட்கார்ந்து அழுகிறேன். யோகா, டூர் இதற்கெல்லாம் எனக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை.
ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: கெட்ட அம்மாவாகிவிட்டோம் என்று நினைத்துத்தான் அழுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அப்படி இல்லை அம்மா. நாள் முழுக்க டார்கெட்டுக்காக முறுக்கேறிய உடம்பு, கம்பெனி வண்டியை விட்டு இறங்கிய நிமிஷமே தளர்ந்துவிடாது. பதற்றத்தில் ஊறும் ஹார்மோன்கள் ரத்தத்தில் இருந்து இறங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். நீங்களோ செருப்பைக் கழற்றிப் போட்டதும் நேராக அடுப்படிக்குள் போகிறீர்கள். உங்கள் உடம்பைப் பொறுத்தவரை ஷிஃப்ட் இன்னும் முடியவே இல்லை, அந்த நேரம் பார்த்து பிள்ளை கூப்பிடுகிறது, லைனில் வர வேண்டிய கத்தல் அங்கே வருகிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கால் மணி நேரம். அதில் பாதியை வண்டியிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் முதலில் வாயைக் கவனியுங்கள், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் அழுந்திக் கிடக்கும். அதை விடுங்கள். அடுத்தது தோள். குனிந்து தையல் பார்த்தவர்களுக்குத் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி அப்படியே நின்றிருக்கும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. அதை இன்னும் மேலே தூக்கி இறுக்கிப் பிடித்து, ஐந்து எண்ணிவிட்டு, சட்டென்று கீழே விடுங்கள். கை முஷ்டி, முகம், வயிறு, கால் விரல் வரை இதே மாதிரி இறுக்கி விடலாம். 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்துக் கொடுத்த முறை இது, இன்றைக்கும் மனநல மருத்துவர்கள் சொல்லித் தருகிறார்கள். கூடவே மூச்சு: நாலு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு குறையும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் செய்யலாம். லைன் வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் அந்த நேரத்தில் திறக்காதீர்கள், திறந்தால் அத்தனையும் வீண்.

மீதிப் பாதி வீட்டில். பிள்ளைகளை ஒரு தடவை கட்டிப் பிடித்துவிட்டு நேராகக் குளிக்கப் போங்கள். தோல் வாடையும் பசை வாடையும் உடம்போடு இருக்கும் வரை நீங்கள் கம்பெனியில்தான் இருக்கிறீர்கள். உடை மாற்றி வந்த பிறகு அடுப்பு. இதற்கு வீட்டுக்காரர், மாமியார் ஒத்துழைப்பு வேண்டும், அதை சண்டை நடுவே கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். "அத்தை, நான் வந்ததும் கால் மணி நேரம் என்கிட்ட எதுவும் கேக்க வேணாம், குளிச்சிட்டு நானே வந்து பேசுறேன்." இவ்வளவு போதும், காரணமெல்லாம் விளக்க வேண்டாம்.

ஒன்று சொல்லாமல் விட்டால் தப்பு. மூச்சுப் பயிற்சியால் உங்கள் டார்கெட் குறையாது. எட்ட முடியாத எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு உங்களைத் திட்டுவது நியாயமே இல்லை. மற்ற லைன் சூப்பர்வைசர்களிடமும் பேசுங்கள், நாலு பேர் சேர்ந்து மேலே சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

கேள்வி: காட்பாடியில் இருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். தியானம் செய்யச் சொன்னார்கள், கண்ணை மூடினால் படபடப்பு அதிகமாகிறது. ஏலகிரி போய் ரெண்டு நாள் இருந்தேன், திங்கட்கிழமை எல்லாம் பழையபடி. எனக்கு எதுவும் ஒத்துவராதா?
ஒரு வாசகர், காட்பாடி

பதில்: வரும். கண்ணை மூடி உட்கார்வது எல்லாருக்கும் பொருந்தாது, சிலருக்கு அப்போதுதான் எல்லா யோசனையும் வரிசையாக வந்து நிற்கும். நீங்கள் நடக்கிற ஆள் என்று நினைக்கிறேன். லீவு நாளில் விடிந்ததும் வேலூர் கோட்டைக்குப் போய் அகழியை ஒட்டி நடங்கள், ஹெட்போன் வேண்டாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது, காலையை விட்டால் வழியில்லை. ஏலகிரியைக் குறை சொல்ல மாட்டேன், 14 கொண்டை ஊசி வளைவு ஏறியதுமே மூச்சு லேசாகும். ஆனால் ரெண்டு நாள் ஓய்வு மற்ற நாட்களின் தூக்கக் கடனை அடைக்காது.

உங்கள் பிரச்சினையில் பாதி தூக்கம்தான் என்று சந்தேகப்படுகிறேன். போகவர ஒரு நாளைக்கு சுமார் 260 கிலோமீட்டர், விடியலில் எழுந்தாக வேண்டும். திரும்பும்போது ரயிலில் டீ குடிப்பீர்கள் இல்லையா? டீயில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறரை மணி டீ, ராத்திரி பதினொன்றரைக்கும் உங்களுக்குள் பாதி வேலை பார்க்கும். மூன்று மணிக்கு மேல் டீயை விட்டுப் பாருங்கள், ரயிலில் சீட்டாடும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டாம், பெட்டித் தோழர்களோடு சிரிப்பது உங்களுக்கு மருந்து.

கேள்வி: மனதில் இருப்பதை எழுதச் சொல்கிறார்கள். கூட்டுக் குடும்பம், யாராவது படித்துவிட்டால்?
ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: எழுதிக் கிழித்துவிடுங்கள். பதினைந்து நிமிஷம், எழுத்துப்பிழை பார்க்காமல். பலன் எழுதும்போதே கிடைக்கிறது, தாளை வைத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: கல்லூரி படிக்கும் மகள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. "எதுக்குமா இருக்கணும்" என்று ஒரு நாள் கேட்டாள். மனசை மாற்ற என்ன செய்யச் சொல்லலாம்?
ஒரு தாய், வேலூர்

பதில்: மேலே சொன்ன எதையும் உங்கள் மகளுக்குச் சொல்லாதீர்கள். இது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், இந்த வாரமே. அவள் கேட்ட அந்தக் கேள்வியைக் கடந்து போகாதீர்கள். தனியாக உட்கார வைத்து, "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்கு ஆறுதல். ஆமாம் என்று சொன்னால் வாரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சி மருந்து, தூக்க மாத்திரை இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

நம் வேலூரில் மனநல மையம் இருக்கும் பாகாயம் என்றாலே கேலிப் பேச்சாகிவிட்டது, அதற்குப் பயந்தே பலர் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். இது எனக்கு ரொம்ப வருத்தம். 1957ல் இருந்து நடக்கும், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் அந்த மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையை ஆரம்பத்தில் இருந்தே கொண்டுவந்த இடம். வெளியூர், வெளி மாநிலத்துக்காரர்கள் தேடி வரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் தயங்க வேண்டாம். செலவு யோசனை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. ராத்திரியில் பயமாக இருந்தால் 14416க்குப் போன் பண்ணுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். போகும்போது எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, எவ்வளவு சாப்பிடுகிறாள், என்ன பேசினாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பதற்றத்தில் பாதி மறந்துவிடும். டாக்டர் அவளோடு தனியாகப் பேசக் கேட்டால் வெளியே வந்து உட்காருங்கள்.