கரிக்கோச்சியும் தெமோதரைச் சுற்றும்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. பிள்ளைகள் கரிக்கோச்சியில், அதாவது பழைய நீராவி ரயிலில், ஏற வேண்டும் என்று நிற்கிறார்கள். மலையகத்தில் அப்படி ஏற முடியுமா, காசுக்குத் தகுமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: பழைய நீராவி எஞ்சினையும் பெட்டிகளையும் பழுதுபார்த்து 1986ல் தொடங்கிய 'வைஸ்ராய் ஸ்பெஷல்' இருக்கிறதே, அது சுற்றுலாக் குழுக்கள் முன்கூட்டியே பேசி மொத்தமாக எடுக்கிற ரயில். ஒரு குடும்பம் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கட் கேட்டு ஏறுகிற சமாச்சாரம் இல்லை. பிள்ளைகளுக்குக் கரி எஞ்சினைக் கிட்டப் பார்த்தால் போதும் என்றால் கடுகண்ணாவைக்குக் கூட்டிப் போங்கள், 2014ல் அங்கே ரயில் மியூசியம் திறந்தார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, பாதையை. அதற்குச் சாதாரண பதுளை ரயிலே போதும். ஹட்டனில் ஏறினால் வழியில் பட்டிப்பொல வரும், இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன், கிட்டத்தட்ட 1,900 மீட்டர், ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். எல்ல தாண்டியதும் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். எல்லாரும் அங்கே போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காது, ஏனென்றால் அடுத்த ஸ்டேஷன் தெமோதரை. அங்கே இறங்கி நில்லுங்கள். உங்களை இறக்கிவிட்ட ரயில் மலையைச் சுற்றி இறங்கிப் போய், நீங்கள் நிற்கிற ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போகும்! இறக்கம் அதிகம், நேராகப் பாதை போட்டால் ரயில் தாங்காது, அதனால்தான் இந்தச் சுற்று. தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிற ஒரு தமிழ்க் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்தத் தலைப்பாகை நம்முடையது, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நின்றுபோவது நமக்குப் புதிதல்ல. முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: முன்பு நுவரெலியாவுக்கே கோச்சி போனதாமே, நிஜமா?
- வாசகர், கந்தப்பளை

பதில்: நிஜம்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும், 1900களின் தொடக்கத்தில் போட்ட பாதை. அகலம் இரண்டரை அடிதான், பதுளைப் பாதையோ ஐந்தரை அடி, அதனால் எல்லாரும் நானுஓயாவில் இறங்கி ரயில் மாற வேண்டும். 1940களோடு அது முடிந்தது. இப்போது நானுஓயாவில் இறங்கினால் பஸ், இல்லாவிட்டால் ஓட்டோ.