மாடித்தோட்டம்: கத்திரி வெயிலுக்கு முன் சில கேள்விகள்

திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில் 40 குரோ பேக்குகளும் (செடி வளர்க்கும் பைகள்) சில மண்தொட்டிகளும் வைத்து நானும் என் கணவரும் 12 ஆண்டுகளாகத் தோட்டம் போட்டு வருகிறோம். பங்குனி பிறந்தாலே கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, காலையில் தண்ணீர் ஊற்றியும் மதியம் கத்தரி, வெண்டை இலைகள் துவண்டுபோகின்றன. மதியமும் ஊற்றலாமா? (கரூர்)

ஊற்றாதீர்கள். உச்சி வெயிலில் வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் அதிகம், அதனால்தான் துவள்கிறது. வெயில் சாய்ந்ததும் தானாக நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. காலை ஆறு மணிக்கும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் தாகம் காரணமில்லை, வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு கத்தரிச் செடிகள் இப்படித்தான் போயின. மதியம் வாட்டத்தைப் பார்த்து அவர் ஒரு வாளி, மாலையில் நான் ஒரு வாளி. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்து, சாக்கடை வாடை. அன்றிலிருந்து மாடிக் கதவின் உட்புறம் ஒரு சாக்பீஸ் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியவர் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

இன்னொன்று: வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கொதிநீர் போல இருக்கும். முதலில் வருவதை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

தக்காளி கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது, ஒன்றுகூடக் காயாகவில்லை. என்ன உரம் போடலாம் அக்கா? (வேலூர்)

உரத்தால் ஆகிற காரியமில்லை இது. பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். வேலூர் வெயிலோடு எந்தப் பஞ்சகவ்யமும் மல்லுக்கு நிற்க முடியாது. நிழலுக்கு நகர்த்தி, காலையில் பூங்கொத்தை விரலால் இலேசாகச் சுண்டிவிடுங்கள். இரண்டு மூன்று பிடித்தாலும் லாபம்தான். கோடையில் தக்காளியைக் கடையில் வாங்கிக்கொண்டு, பைகளைக் கொத்தவரைக்கும் வெண்டைக்கும் கொடுப்பது என் வழக்கம். இரண்டும் வெயிலைத் தாங்கும்.

நிழல்வலை கட்டாயமா? மாடி முழுக்கக் கட்டினால் வடாம் எங்கே காய வைப்பது என்று வீட்டில் சண்டை. (மயிலாடுதுறை)

வடாம் பக்கம்தான் நியாயம். கீரை, புதினா, நாற்றுகள் இவற்றுக்கு மட்டும் பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத வலை போதும். ஏழெட்டு அடி உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மூடினால் உள்ளே அடுப்புதான். மாடியில் பாதியை வெயிலுக்கு விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் வடாத்துக்குக் காவல் இருப்பவரே செடிகளின் மண்மேல் சருகு பரப்பி மூடாக்கும் போட்டுவிடுவார்.

மகள் வீட்டுக்கு ஒன்பது நாள் போகிறோம். செடிகளை என்ன செய்வது? (தாம்பரம்)

பைகளையெல்லாம் நிழலான ஒரு மூலைக்கு நகர்த்தி நெருக்கமாக வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றதற்கு உதவும். மண்மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ தென்னைநாரோ பரப்புங்கள். பெரிய தொட்டிகளில், மெருகு பூசாத சிறு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எத்தனை நாளுக்கு வரும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்பது நாளுக்கு இதெல்லாம் துணைதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுப்பதே வழி. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும், அதைப் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூலியும் ஆயிற்று.

பைக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கிவிட்டு மட்டும் போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் ஒரு தலைமுறைக் கொசு வளர்ந்து பறந்துவிடும்.

புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள். வாடகை வீடு, நாலடிக்கு ஆறடி பால்கனி, காலையில் மட்டும் இரண்டு மணி நேர வெயில். ஏதாவது வருமா? (கோயம்புத்தூர்)

வரும், காய்கறிக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். சந்தையில் வாங்கும் புதினாவில் இலையைக் கிள்ளிச் சட்னிக்குப் போட்டுவிட்டு, நல்ல தண்டாகப் பத்தை ஈர மண்ணில் குத்தி வையுங்கள். கற்பூரவல்லி, வெற்றிலைக்கொடி இரண்டும் குறைந்த வெயிலிலும் பிழைக்கும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து, மண் பரப்பிய அகலமான தட்டில் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் கீரை. முதல் பறிப்பு ஒரு சப்பாத்திக்குக்கூடக் காணாது. ஆனாலும் இருவரும் அதைப் பற்றி நான்கு பேரிடம் சொல்வீர்கள்.

செம்பருத்தி முழுக்க வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி. (நாகர்கோவில்)

முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புதான் அதைக் காவல் காத்துக் கிளைக்குக் கிளை பரப்பும். மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். மாலையில் மட்டும் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு முறையாவது.

மாடி ஒழுகுமா? (பலர்)

ஏற்கெனவே ஒழுகும் மாடியில் பை வைக்காதீர்கள். மற்றபடி, பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, சுவரோரமாக அடுக்குங்கள். வெறும் செம்மண் கனக்கும். மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்காக இருக்கட்டும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றுங்கள்.

எனக்குச் செடிகளில் ஆர்வமே இல்லை. மனைவி மாலையானால் ஒரு மணி நேரம் மாடியில்தான். போனால் வேலை சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்கிறார்)

சொல்வார். முந்திக்கொண்டு நீங்களே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மல்லி மொட்டுப் பறிப்பதைப் பரிந்துரைக்கிறேன்; குண்டுமல்லிக்கு இதுதான் பருவம். வெள்ளையாகப் பருத்ததைப் பறிக்க வேண்டும், பச்சை தெரிவதை நாளைக்கு விட வேண்டும். அதற்கு ஆர்வம் தேவையில்லை, கண் தெரிந்தால் போதும்.

என் கணவரும் முதலில் செய்தித்தாளோடுதான் மேலே வந்தார். பிறகு இரண்டு நாற்காலி வந்தது. இப்போது ஒரு சொம்பில் நீர்மோரும் அவர் கையாலேயே வருகிறது. கறிவேப்பிலையை மட்டும் மேலே வந்து கிள்ளிப் போட்டுக்கொள்வோம். ஆறரை மணிக்குக் காற்று திரும்பும். எதிரே உச்சிப்பிள்ளையார் கோயில் விளக்கு தெரியும்போது நான் தொடுக்க உட்காருவேன், அவர் மொட்டுகளை எண்ணித் தருவார். நேற்று 37. அவர் 38 என்கிறார்.